செரி (கணிப்பொறிக் கட்டமைப்பு)

செரி என்பது செயலி, நிரல்மொழி, இயக்குதளம் மூன்றையும் சேர்த்தே திருத்தி, நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் ஆய்வுத் திட்டம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனலும் 2010இல் கூட்டாகத் தொடங்கின. ராபர்ட் வாட்சன், சைமன் மூர், பீட்டர் நியூமன் ஆகியோர் முன்னின்று நடத்தினர்.

சி மொழியில் பாயிண்டர் என்பது வெறும் முகவரி எண். அது எங்கே தொடங்கி எங்கே முடியும் இடத்துக்கு உரியது என்ற விவரம் அதில் இல்லை. 2014இல் அம்பலமான ஹார்ட்பிளீட் பிழை இதற்குச் சரியான சான்று. சில எழுத்துகளை மட்டும் அனுப்பிவிட்டு, 'நான் அனுப்பியது 64 கிலோபைட். திருப்பி அனுப்பு' என்று கேட்டால், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் அளவைச் சரிபார்க்காமல் அருகிலிருந்த நினைவகத்தையும் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் ரகசியத் திறவுகோல்களும் அதில் போயின. மொழி எல்லையைக் குறித்து வைக்கவில்லை. செயலிக்கு அது தெரிய வழியில்லை. இயக்குதளமோ நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத்தான் காக்கும் என்பதால் தவறு எதையும் காணவில்லை.

செரியில் 64 பிட் முகவரியின் இடத்தை 128 பிட் கேப்பபிலிட்டி பிடிக்கிறது. முகவரியோடு கீழெல்லை, மேலெல்லை, படிக்க எழுத உள்ள அனுமதி ஆகியவை அதில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். நிரலின் கைக்கு எட்டாத ஓர் அடையாள பிட் தனியே உண்டு. சாதாரண எண்ணைப்போல கேப்பபிலிட்டியின்மேல் எழுதினால் அந்த பிட் அழிந்து, அது செல்லாததாகிவிடும். எல்லையைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. தாண்டினால் செயலியே நிரலை நிறுத்தும். எல்லைகளை வகுப்பது மென்பொருளின் வேலை: உள்ளூர் மாறிகளுக்கு கம்பைலர், நிரல் கேட்கும்போது நினைவகம் ஒதுக்கும் மேலாக் வழங்கும் இடத்துக்கு நூலகம், நிரல் தொடங்கும்போது இயக்குதளம். இதற்காக கிளாங் கம்பைலர் திருத்தப்பட்டது; ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து செரிபிஎஸ்டி இயக்குதளம் உருவாக்கப்பட்டது.

கேப்பபிலிட்டி என்ற கருத்து பழையது. 1966இல் டென்னிஸ், வான் ஹார்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதியது. கேம்பிரிட்ஜிலேயே 1970களில் கேப் என்ற கணிப்பொறி இதன்படி கட்டப்பட்டது. பழைய சி நிரல்களில் பெரும்பகுதியைச் சிறு திருத்தங்களோடு மீண்டும் கம்பைல் செய்தால் போதும் என்பதே செரியின் பெரிய சாதனை. விலையும் உண்டு: பாயிண்டர்கள் இருமடங்காவதால் செயலியின் விரைவு நினைவகமான கேஷ் விரைவில் நிரம்புகிறது. விடுவித்த இடத்தைப் பழைய பாயிண்டர் மீண்டும் தொடுவதை எல்லைகள் மட்டும் தடுக்காது. அடையாள பிட்டைக் கொண்டு நினைவகத்தைத் துழாவி, காலாவதியானவற்றைச் செல்லாததாக்க வேண்டியிருக்கிறது.

செயலி வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் செரியைக் கொண்ட மொரெல்லோ சோதனைப் பலகையை 2022 ஜனவரியில் வெளியிட்டது. சிறு சாதனங்களுக்காக மைக்ரோசாப்ட் ரிஸ்க்-5 அடிப்படையில் செரியின் செரியட் வடிவத்தை உருவாக்கியது.