மரக்காலும் கிலோவும்

வேற்று மாநிலங்களில் வாழும் நாம், அரிசியைக் கிலோவில் வாங்கினும் ஆழாக்கில் அளந்தே உலையிலிடுகிறோம். 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு படி; 8 படி ஒரு மரக்கால்; 12 மரக்கால் ஒரு கலம்.

இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைக் குறிக்கின்றன. இறைவன் பெயர் தாங்கிய அளவை இருந்தும், பிற்காலத்தில் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. குவித்தளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஒன்றாகா. நெல்லைக் கூலியாகப் பெற்ற உழவுத் தொழிலாளிக்கு அவ்வேறுபாடு ஒரு வேளை உணவாகும்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் மெட்ரிக் அளவைக்கு வழிவகுத்தது. ஆயினும் படியைக் கிலோவாக்க ஒரே வாய்பாடு இல்லை. படி கொள்ளளவு, கிலோ எடை. ஒரே படியில் அரிசியும் அவலும் எடை ஒவ்வா. ஆகவே, நம் வீட்டுப் படியரிசியைத் தராசில் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்வோமாக.