இணைய முகவரியில் தமிழ் எழுத்து: டிரெஸ்டனிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செருமனியின் டிரெஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தவர் சீகன்பால்கு. தரங்கம்பாடியில் அவரது அச்சுப்பணிக்காக ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகள் அங்கேயே மீண்டும் வார்க்கப்பட்டன. புதிய கருவியொன்றில் தமிழ் நுழையுந்தோறும் எழுத்துக்கு எவ்வளவு இடம், எந்த வடிவம் என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. இணைய முகவரியில் இவ்வினாக்கள் எழுந்த வரலாற்றையும், மேசைக்கணினிச் செயலி எழுதுவோர் அவற்றை எதிர்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முகவரி விதிகளின் வளர்ச்சி

டிம் பெர்னர்ஸ்-லீ முதலியோர் 1994 டிசம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1738 என்னும் தர ஆவணம், முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே நேரடி இடம் அளித்தது. ஏனையவற்றைப் பைட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுத வேண்டும் என்றது. அந்தப் பைட்டு எந்தக் குறியாக்கத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் அது வரையறுக்கவில்லை.

இவ்விடைவெளி தமிழைப் பெரிதும் பாதித்தது. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், தொண்ணூறுகளின் இறுதியில் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. ஒரே % தொடர் ஒன்றில் ஓரெழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறிக்கக்கூடியதாயிற்று. 2005 சனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3986, 3987 ஆகிய ஆவணங்களே யூடிஎஃப்-8 குறியாக்கத்தை முன்னிறுத்தி இக்குழப்பத்துக்கு வழிகண்டன.

அதன் விலை இடச்செலவு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு. ‘த’ என்பது 224, 174, 164. முகவரியில் அது 9 இடங்களைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் 5 குறியெண்கள் உள்ளமையால் 45 இடங்கள். ‘டிரெஸ்டன்’ என்பதற்கு 81. செருமன் எழுத்தில் அந்நகர்ப்பெயருக்கு 7 இடங்களே போதும்.

செயலி எழுதுவோரின் பொறுப்பு

உலாவி இம்மாற்றத்தைத் தானே செய்து, வாசகருக்குத் தமிழையே காட்டுகிறது. மேசைக்கணினிச் செயலியிலோ பொறுப்பு நிரலரைச் சேர்கிறது. ஜாவா மொழியின் குறியாக்க வசதி தொடக்கத்தில் அந்தந்தக் கணினியின் இயல்புக் குறியாக்கத்தையே பின்பற்றியது. அதனால் கணினிக்குக் கணினி விளைவு வேறுபடலாம் என்பதால், குறியாக்கத்தின் பெயரை வெளிப்படையாகக் கூறும் முறை 1.4 பதிப்பில் பரிந்துரைக்கப்பட்டது.

நூலடைவு ஒன்றுக்காக நான் எழுதிய சிறு செயலி, முன்பே மாற்றப்பட்டிருந்த முகவரிகளை மீண்டும் மாற்றியது. % குறியே %25 ஆனமையால் சேர்த்துவைத்த சுட்டிகள் அனைத்தும் பயனற்றுப் போயின. மற்றொரு நூல் தலைப்பின் இறுதியிலிருந்த வினாக்குறி, தலைப்பின் பகுதியாகக் கொள்ளப்படாமல் வினவற்பகுதியின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. முகவரியின் உறுப்புகளைத் தனித்தனியே, ஒரே ஒரு முறை, இறுதிக் கட்டத்தில் மாற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

ஒரு வடிவம், இரு முகவரி

இடச்செலவினும் பெரிய இடர் வடிவம் பற்றியது. ‘கொடி’ என்பதிலுள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டு வேறாதலால் முகவரியும் வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க விதி இவ்விரண்டையும் ஒன்றாக்கும். ஆனால், 2005இல் ‘ஶ’ எழுத்து சேர்க்கப்பட்டபின், ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் உள்ளிடலாம். திரையில் பெரும்பாலும் ஒரே வடிவமாகத் தோன்றும் இவற்றை அவ்விதி ஒன்றாக்காது.

செருமன் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. டிரெஸ்டனின் கோனிக்ஷ்ட்ராஸ என்னும் தெருப்பெயரில் இருபுள்ளி எழுத்தொன்றும் எஸ்ட்செட் என்னும் எழுத்தும் உள்ளன. தளப்பெயர்கள் % முறையை அன்றி, 2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு முறையைப் பின்பற்றுவன. செருமன் தளப்பெயர்களில் இருபுள்ளி எழுத்துகள் 2004இல் இடம்பெற்றன. எஸ்ட்செட்டோ இரட்டை ‘எஸ்’ ஆகவே மாற்றப்பட்டது. 2010இல் விதி திருத்தப்பட்ட பின்னரே அது தன் வடிவில் ஏற்கப்பட்டது. 2010, 2011 ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியன இணையத்தின் மூலப்பட்டியலில் சேர்ந்தமை தமிழுக்குக் கிட்டிய பேறு. எனினும் தளப்பெயருக்குப் பின்வரும் முகவரிப்பகுதி இன்றும் % முறையிலேயே இயங்குகிறது.

முடிவுரை

எந்தக் குறியெண்ணைப் பைட்டாக மாற்றுவது என்பது நிரலரின் வேலை. எந்த எழுத்து வடிவம் செம்மையானது என்பது தமிழாய்வாளரின் முடிவு. பின்னதை நாம் செய்யாதுவிட்டால் முன்னவர் தமக்குத் தோன்றியவாறு செய்வர். எண்ணிம நூலகங்கள் சேமிக்கும் தலைப்புகளை ஒரே இயல்பாக்க வடிவில் வைத்தல், ‘ஸ்ரீ’ போன்றவற்றுக்கு ஒரே உள்ளீட்டை வரையறுத்தல் ஆகிய இரண்டையும் மாநாட்டு ஆய்வரங்குகள் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் அடிக்குறிப்பில் தரும் தமிழ் முகவரி அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குத் திறக்குமா என்பது இதனைப் பொறுத்தது.