குளிரும் சிறு தோட்டாவும்

படைக்கலங்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பீரங்கியையும் பெருந்துவக்கையுமே நோக்குவர். சுண்டுவிரலினும் சிறியதாகிய தோட்டா ஒன்று அவர்தம் கருத்தை ஈர்ப்பதில்லை. ஆயினும், மனிதன் ஆக்கிய கருவிக்கும் இயற்கையின் கடுங்குளிருக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டத்தை அச்சிறு தோட்டாவினிடத்தே தெளிவாகக் காணலாம். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

துவக்கின் ஊசி, தோட்டாவின் அடி நடுவிலமைந்த தொப்பியைத் தாக்கி வெடிக்கச் செய்வது ஒரு முறை. தனித் தொப்பியின்றி, கூட்டின் அடி விளிம்பினுள்ளேயே தீப்பற்றும் மருந்தைப் பரப்பி, அவ்விளிம்பை நசுக்கி வெடிக்கச் செய்வது மற்றொரு முறை. பின்னையதே விளிம்படித் தோட்டா எனப்படும். 1845 இல் பிரான்சு நாட்டுப் புளோபேர் என்பார் இம்முறைக்கு வித்திட்டார். 1857 இல் அமெரிக்கரான சிமித், வெசன் என்னும் இருவரும் தம் முதற் சுழல் துப்பாக்கியோடு 0.22 அங்குலக் குறுந்தோட்டாவை வெளியிட்டனர். 1887 இல் அந்நாட்டு ஸ்டீவன்ஸ் நிறுவனம் அதனை நீட்டி ஆக்கிய தோட்டாவே இன்று உலகெங்கும் பயில்கின்றது.

இனி, குளிர் இதனை எவ்வாறு தாக்குகின்றது? நுவரெலியாவின் காலைப் பொழுதிலே தேங்காயெண்ணெய் உறைந்திருத்தலை நாம் அறிவோம். பனிநாடுகளிலே துவக்கின் எண்ணெயும் அவ்வாறே தடிப்புறுகின்றது. ஊசியின் அடி மென்மையாகின்றது. விளிம்பு போதிய அளவு நசுங்காமையால் தோட்டா வெடியாது பொய்க்கின்றது. வெடித்தாலும், குளிர்ந்த மருந்து மெதுவாக எரிதலால் ரவையின் வேகம் குறைகின்றது. ஈய ரவை மீது பூசிய மெழுகு இறுகுதலால், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே வேகம் வேறுபடுகின்றது. பூச்சியத்துக்கு மேல் 20 பாகையிலிருக்கும் காற்றினும், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலிருக்கும் காற்று நூற்றுக்கு 16 பங்கு அளவில் அடர்த்தி மிக்கது. ஆதலால் ரவைக்குத் தடையும் மிகுகின்றது.

குளிரினால் கருவி தோற்றமைக்கு வரலாறு தரும் பெருஞ்சான்று 1941 ஆம் ஆண்டின் மொஸ்கோப் போராகும். அங்கு பயின்றவை நடுவடித் தோட்டாக்களேனும், இடர் ஒன்றே. யேர்மன் படையினரின் துவக்குகளிலும் இயந்திரத் துவக்குகளிலும் எண்ணெய் உறைந்து, அவை இயங்க மறுத்தன. இது கொண்டு, குளிரே அப்படையை வென்றது என்பாரும் உளர். அது பொருந்தாது. அதே குளிரிலேயே உருசியரும் நின்று போரிட்டனர். அவர்கள் குளிர்காலத்துக்கு ஏற்ற எண்ணெயையும் உடையையும் பெரிதும் ஆயத்தஞ் செய்திருந்தனர்; விரைவில் வெற்றி பெறுவோம் என நம்பிய யேர்மனியர் அவ்வாறு செய்திலர். எனவே தோல்விக்குக் காரணங் கூறுமிடத்துக் குளிரை மாத்திரமன்றி, முன்னாய்வின்மையையும் கூறுதல் வேண்டும்.

இக்கூற்றின் உண்மையைப் போர்க்களத்துக்கு அப்பால், விளையாட்டுக் களத்திலும் சோதித்துப் பார்க்கலாம். பனிச்சறுக்கி ஓடி, இடையிடையே குறிசுடும் பயத்லான் என்னும் போட்டி, படைவீரரின் பயிற்சியிலிருந்து தோன்றியது. 1960 இல் ஸ்குவா வலி ஒலிம்பிக்கிலே சுவீடன் நாட்டு லெஸ்ரான்டர் ஓட்டத்தில் 15 ஆம் இடத்தினராயிருந்தும், 20 இலக்குகளையும் தவறாது சுட்டு முதற்பரிசு பெற்றார். அக்காலத்திற் போர்த் துவக்குகளால் 100 முதல் 250 மீற்றர் தூரஞ் சுட்டனர். 1978 இல் 0.22 அங்குல விளிம்படித் தோட்டாவும் 50 மீற்றர்த் தூரமும் விதியாயின. அன்று தொட்டுச் சிறு தோட்டா பெருங்குளிரை எதிர்நிற்கலாயிற்று.

படுத்துச் சுடுமிடத்து இலக்கின் விட்டம் 45 மில்லிமீற்றர். செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்திற் புறப்படும் ரவை, 50 மீற்றரைக் கடக்குமுன் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் தாழும். வேகம் 20 மீற்றர் குறையின், மேலும் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாழும். இலக்கின் நடுவிலிருந்து விளிம்புக்குள்ள தூரமோ இரண்டேகாற் சென்ரிமீற்றரே. ஒரு ரவை தவறின், போட்டிக்கேற்ப 150 மீற்றர்த் தண்டப் பாதை ஓடல் வேண்டும், அன்றேல் ஒரு நிமிடம் இழத்தல் வேண்டும்.

இதனாலேயே பின்லாந்தின் லப்புவா முதலிய ஆலைகள் குளிருக்கெனத் தனித் தோட்டா ஆக்குகின்றன. போட்டியாளர் தத்தம் துவக்குக்கு எத்தொகுதித் தோட்டா குளிரிலும் ஒரே வேகந் தரும் எனச் சோதித்தே தெரிகின்றனர். போட்டி தொடங்குமுன் அன்றைய குளிரிலேயே சுட்டுப் பார்த்துக் குறிகாட்டியைத் திருத்துகின்றனர். வடபுல வேட்டைக்காரர் துவக்கை வெப்பமான குடிலினுள் கொணராது வெளியே வைத்தலும் இவ்வறிவின்பாற்பட்டதே. உள்ளே கொணரின் நீர்த்துளி படிந்து, மீள வெளியேறுங்கால் உறையுமன்றோ?

குளிர் யாவர்க்கும் பொது, ஆயத்தம் பொதுவன்று. களத்தில் நின்ற படைக்கும், 50 மீற்றருக்கு அப்பாலுள்ள கரும்புள்ளியை நோக்கி மூச்சடக்கும் வீரனுக்கும் வெற்றி தோல்விகளைப் பகுத்தது அவ்வேறுபாடேயாம். பெருநிகழ்ச்சிகளின் காரணத்தைத் தேடும் வரலாற்று மாணவர், ஒரு துளி எண்ணெயையும் ஒரு பூச்சு மெழுகையும் புறக்கணித்தலாகாது.