செண்பகனூர்: மலைமேல் ஒரு கல்லூரி

பழனி மலைத்தொடரின் மேற்கு முனை, இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, மறையூர்ப் பகுதிகளோடு இணைகிறது. அதனை அடுத்துள்ள ஆனைமலை, வடக்கே பாலக்காட்டுக் கணவாயை நோக்கி இறங்குகிறது. இம்மலைத்தொடரில் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே அமைந்த சிற்றூர் செண்பகனூர். 1895-ஆம் ஆண்டு இயேசு சபையினர் இங்கே திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். குருத்துவப் பயிற்சிக்கு வந்த இளந்துறவியருக்காக எழுப்பப்பட்ட இக்கல்லூரிக்குத் தமிழக வரலாற்றாய்வும் தாவரவியலும் பெரிதும் கடன்பட்டிருக்கின்றன.

இதன் வேர் மதுரை மறைப்பணியில் இருக்கிறது. 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது முதல் தொடர்ந்த அப்பணி, 1773-இல் திருத்தந்தையின் ஆணையால் இயேசு சபை கலைக்கப்பட்டபோது நிலைகுலைந்தது. 1814-இல் சபை மீண்டும் உயிர்பெற்றது. 1838-இல் ஜோசப் பெர்த்ராண்டு தலைமையில் பிரெஞ்சுத் துறவியர் மதுரைப் பகுதிக்கு வந்து சேர்ந்தனர். தொடக்க ஆண்டுகளிலேயே காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரை இளம் வயதில் பலிகொண்டன. ஆயினும் 1844-இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரி தொடங்கப்பட்டது. அது 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது.

சமவெளியின் நோய்களே மறைப்பணியாளர்களை மலைமேல் ஏற்றின. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். கத்தோலிக்கரின் சலேத் அன்னை ஆலயம் 1866-இல் எழுந்தது. மோட்டார் சாலை இல்லாத அந்நாளில் குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவுமே மலையேற வேண்டும். அத்தகைய இடத்தில் ஒரு பெருங்கல்லூரியைக் கட்டத் துணிந்தமைக்கு, இளந்துறவியரின் உயிரைக் காக்கும் எண்ணமும் ஒரு காரணமாகும்.

இக்கல்லூரி வளாகத்தில் பேணப்பட்ட மதுரை மாநில இயேசு சபை ஆவணக் காப்பகம், வரலாற்றாய்வாளர் நன்கறிந்தது. ஆவணங்களைத் திரட்டும் மரபைத் தொடங்கிவைத்தவர் பெர்த்ராண்டு. பழைய மறைப்பணியாளரின் கடிதங்களைத் தொகுத்து, 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக அவர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். மதுரை நாயக்கர் வரலாற்றை 1924-இல் எழுதிய இரா. சத்தியநாத ஐயர் இக்கடிதங்களை முதன்மைச் சான்றுகளாக எடுத்தாண்டார். நாயக்கர் காலத்துப் போர், பஞ்சம், அரண்மனைப் பூசல் ஆகியவை பற்றி இன்று அறியப்படுபவற்றுள் கணிசமான பகுதி இக்கடிதங்களின் வழியே கிடைத்தது. 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவின் வாழ்க்கையை எழுதிய சோலியேரும் இம்மரபினரே.

கல்லூரியோடு பிறந்த அருங்காட்சியகம் மற்றொரு செல்வம். எமில் கோம்பெர் மலைச் செடிகளைத் திரட்டினார். ஃபோரோ பாசிகளை ஆராய்ந்தார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவரது பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. ஆங்லாட், நியூட்டன் என்னும் இருவர் பழனி மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. மலைக்கு அப்பால் மறையூரில் ‘முனியறை’ என வழங்கப்படும் கற்திட்டைகளும் இவ்வகையினவே. இன்று மாநில எல்லை பிரித்து வைத்திருக்கும் இரு சரிவுகளிலும் ஒரே பண்பாட்டின் தடம் கிடப்பதை இக்கற்கள் உணர்த்துகின்றன.

இவ்வழியில் பின்னர் வந்தவர் கேரளத்தில் பிறந்த கே. எம். மத்தேயு. 1967-இல் திருச்சிராப்பள்ளி வளனார் கல்லூரியில் ரபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவிய அவர், 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அதற்குள் மலையின் முகமே மாறியிருந்தது. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களைச் சீகை, பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்கள் பிடித்துக்கொண்டன. எந்தச் சரிவில் எந்தச் செடி இருந்தது என்பதைச் சொல்ல, பல இடங்களில் எஞ்சியிருப்பவை தாளில் ஒட்டப்பட்ட உலர்ந்த மாதிரிகளே. அழிந்த புல்வெளியை மீட்க முனைவோர் முதலில் நாட வேண்டியதும் அவற்றையே.

இச்சான்றுகளின் எல்லையையும் மறத்தலாகாது. கடிதங்களை எழுதியோர் மறைப்பணியாளர். தம் பணிக்கு ஆதரவு தேடும் நோக்கமும் அவற்றில் உண்டு. மலையின் தொல்குடிகளான பளியரும் புலையரும் செடிகளையும் தடங்களையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள்; கற்திட்டை நூலின் முகப்பில் இருப்பவையோ இரு துறவியரின் பெயர்கள் மட்டுமே. குருக்களை உருவாக்க எழுந்த ஒரு கல்லூரி, மலையின் நினைவையும் சேர்த்துக் காத்தது. அந்நினைவில் விடுபட்ட பெயர்களைத் தேடுவது, அக்காப்பகத்தின் கதவைத் திறக்கும் இன்றைய ஆய்வாளரின் கடமையாகும்.