நாள் முழுதும் பேசிய வானொலி

வானொலி என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது இசைக் கச்சேரியே. ஆயினும், நாட்டின் வானொலி ஒரு நாளில் ஆற்றிவந்த பணியில் பேச்சின் பங்கு சிறிதன்று. செய்தி, சொற்பொழிவு, உழவர் உரையாடல், மாதர்க்கான குறிப்பு, பாராளுமன்ற நடவடிக்கை, ஆட்டக் களத்து வருணனை என விடியல் முதல் இரவு வரை அது பேசிக்கொண்டேயிருந்தது. அந்தப் பேச்சில், பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் குடியேறிய நமக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதைச் சற்று நோக்குவோம்.

முதலில் இதன் பிறப்பு. 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் ஒரு தனியார் கம்பெனி தொடங்கிய ஒலிபரப்பு மூன்றாண்டுகளுக்குள் நொடித்துப்போக, 1930 இல் அரசாங்கம் அதை ஏற்றது. 1936 ஜனவரி 1 அன்று டில்லி நிலையம் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூனில் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938 இலும் திருச்சி நிலையம் 1939 இலும் எழுந்தன. 1957 இல் ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் நாடு முழுமைக்கும் வழங்கலாயிற்று. நம் நாவில் நிலைத்ததோ வானொலி என்ற சொல்லே.

இனி, நாளின் தொடக்கத்துக்கு வருவோம். காலை 7.15 மணிக்குத் தமிழ்ச் செய்தி. அதற்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ ஓசையைக் கொண்டு கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வேலைக்குப் புறப்பட்ட இரயில்வேக்காரர் எத்தனையோ பேர்! சென்னையும் திருச்சியும் ஒலிபரப்பிய மத்திய அலை, பகலில் வானின் மேலடுக்குகளில் உறிஞ்சப்பட்டுத் தேய்ந்துவிடும். இரவில் மட்டுமே அது மேலே பட்டுத் திரும்பித் தொலைதூரம் வரும், அப்போதும் இரைச்சலோடுதான். சிற்றலையின் இயல்பு வேறு; அது பகலிலும் நெடுந்தூரம் செல்லும். டில்லியில் வாசிக்கப்பட்ட தமிழ்ச் செய்தி சிற்றலையில் வந்தது. தமிழ்நாட்டு நிலையங்களும் அதை வாங்கி ‘டில்லி அஞ்சல்’ என்று மறு ஒலிபரப்புச் செய்தன. ஆகவே, திருநெல்வேலியில் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து கேட்ட அதே குரலை, அதே நொடியில், நாம் இங்கே கேட்டோம். கடிதம் வந்துசேர நாலைந்து நாட்களான காலத்தில் இது எளிய செய்தியா? 1947 ஆகஸ்ட் 15 இல் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன் அவர்களும், பிற்காலத்தில் சரோஜ் நாராயணசுவாமி அவர்களும் டில்லியிலிருந்தே பேசினர். வெளிமாநிலத்தில் வாழ்ந்த தமிழர் குரல்களே ஊருக்குச் செய்தி சொல்லின என்று நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம்.

நண்பகலுக்குப் பின் நிகழ்ந்த பேச்சுகளுள் என்றும் மறக்கவொண்ணாதது ஒன்று உண்டு. 1947 நவம்பர் 12, தீபாவளித் திருநாள். குருக்ஷேத்திர முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தங்கியிருந்தனர். அவர்களிடம் நேரிற் செல்ல இயலாத காந்தியடிகள், டில்லி வானொலி நிலையத்துக்கு வந்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அவர்களோடு பேசினார். அந்நிலையத்துக்கு அவர் வந்து பேசியது அந்த ஒரே முறைதான். வீடிழந்தவர்க்குப் பண்டிகை நாளில் ஒரு குரலேனும் சென்று சேரட்டும் என்னும் எண்ணத்தை, ஊரை விட்டு வந்த நாம் நன்கு உணர்வோம். நாம் வந்தது வேலைக்காக, அவர்கள் வந்தது உயிருக்காக என்னும் வேறுபாட்டையும் மறவோம்.

மாலையில் உழவர்க்குரிய பேச்சு. ‘நகரத்தார் வானொலியைத் திருகிவிடும் நேரம்’ என்று இதை நகையாடுவோர் உண்டு. ஆனால், 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அதைப் பற்றி அவர்கள் அறிந்தது திருச்சி வானொலியின் வாயிலாக. ஒரு பேச்சு வயலில் முளைத்ததற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரவு 9 மணிக்கு ஆங்கிலச் செய்தி. 1953 முதல் தேசிய சொற்பொழிவு நிகழ்ச்சியும் இரவு வேளையில் இடம்பெற்றது. 1955 இல் தொடங்கிய சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவை முதலில் நிகழ்த்தியவர் ராஜாஜி அவர்கள். ஸர் சி. வி. ராமன் அவர்களின் விஞ்ஞானப் பேச்சுகள் நூலாகவே வெளிவந்தன. தமிழர் இருவர் நாட்டுக்கே பேசினர். பேசிய மொழி ஆங்கிலம். மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் போன்றோர் அகராதியை அருகில் வைத்துக் கேட்க வேண்டிய பேச்சு அது.

வானொலியின் பேச்சு எப்போதும் நன்மையே செய்தது என்றும் கூறுவதற்கில்லை. 1975 ஜூன் 26 காலையில் நெருக்கடி நிலையை நாடு அறிந்தது வானொலியில்தான்; டில்லியில் பல பத்திரிகை அச்சகங்களுக்கு முந்தைய இரவே மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே குரல் மட்டும் ஒலித்தால் என்னவாகும் என்பதை அம்மாதங்கள் காட்டின. பிரசார் பாரதி என்னும் தனி அமைப்பின் கீழ் வானொலி வந்தது 1997 இல்.

இன்று கைபேசிச் செயலி வழியாகச் சென்னை, திருச்சி நிலையங்கள் நண்பகலிலும் இரைச்சலின்றி இக்காலனியில் ஒலிக்கின்றன. கேட்கும் பிள்ளைகளோ, “செய்தி வாசிப்பவர் ஏன் நம் வீட்டில் பேசுவதுபோல் பேசவில்லை, அப்பா?” என்று கேட்கின்றனர்.