வயா: பினாங்கு நாசி கண்டாரை முன்வைத்து உணவு வேட்கையின் உடற்காரணங்கள்

1. சொல்லும் எல்லையும்

மலேசியத் தமிழர் காலை உணவைப் 'பசியாறல்' என்பார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்பதுதான். பசி ஆறக்கூடியது, வயிறு நிறைந்தால் அடங்கிவிடும். வேட்கை அப்படியன்று. வீட்டில் நாலு தோசை தின்றுவிட்டு வந்தவருக்கும் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ரோட்டில் நடக்கும்போது நாசி கண்டார் வேண்டியிருக்கிறது. ரொட்டி சானாய் கொடுத்தால் மனம் ஒப்பாது. குறிப்பிட்ட ஓர் உணவின்மேல் எழும் இந்த விடாப்பிடியைத்தான் இங்கே வேட்கை என்கிறேன்.

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: வயா. தொல்காப்பிய உரியியல் அதற்கு வேட்கைப் பெருக்கம் என்று பொருள் சொல்கிறது. சங்கப் பாட்டில் அது கருவுற்ற பெண்ணின் நாட்டத்தைக் குறிக்கும். நம் மசக்கை, மலாய்க்காரரின் மெங்ஙிடாம்.

2. குறைதான் காரணமா?

"உடம்புக்கு எது குறைகிறதோ அதைத்தான் நாக்கு கேட்கும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. இரண்டு இடங்களில் அது உண்மை.

முதலாவது உப்பு. அமெரிக்காவில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் உப்பை அள்ளி அள்ளித் தின்றான். மருத்துவமனையில் சேர்த்து எல்லாருக்கும் தரும் உணவையே தந்தார்கள். ஏழு நாளில் இறந்துபோனான். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி பழுதுபட்டு, உடலில் உப்புத் தங்காமல் போயிருந்தது. அந்த வேட்கைதான் அவனை அதுவரை உயிரோடு வைத்திருந்தது. வில்கின்ஸும் ரிக்டரும் 1940இல் இதை எழுதினார்கள்.

இரண்டாவது இரும்பு. மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்னும் நாட்டம் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்தே வருவது மருத்துவர்கள் நன்கறிந்தது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், உன் நாட்டு மண்ணை வயாவுற்ற பெண்கள் உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்று சேரனைப் புகழ்கிறார். மன்னனுக்குப் புகழ்ச்சி, மருத்துவருக்கு அது நோய்க்குறி. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், கருவுறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தசோகை இருந்தது. வீட்டில் யாராவது ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருந்தால் அதட்டாதீர்கள். இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற வேட்கைகளுக்குக் குறைபாட்டு விளக்கம் பொருந்தவில்லை. சாக்லேட் ஆசை மக்னீசியக் குறைவால் வருகிறது என்பார்கள். 1994இல் மிச்னரும் ரோசினும் சாக்லேட் பிரியர்களுக்குக் கோக்கோத் தூளை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசை தணியவில்லை. கோக்கோத் திடப்பொருளே இல்லாத வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது. ஆக, வாய்க்கு வேண்டியிருந்தது மருந்துப்பொருள் அன்று. சுவையும் மணமும் உருகும் பதமும்.

3. தட்டு

நாசி கண்டாரில் 'நாசி' சோறு. 'கண்டார்' தோளில் இரு பக்கமும் பாரம் தொங்கும் கழி, நம் காவடித் தண்டேதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குவோருக்கு விற்றார்கள். கேம்பல் ஸ்திரீட்டின் ஹமீதியா கடைக்கு 1907இலிருந்து வரலாறு இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போய்விடும். நாள் முழுக்க வியர்வை சிந்தியவருக்கு உப்பேறிய குழம்பும் மலையாகச் சோறும் அளவான உணவு. இன்று அதே தட்டை ஏசி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சாப்பிடுகிறோம். உணவு மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது.

கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். சோற்றின்மேல் கோழி, வெண்டைக்காய். பிறகு மீன் குழம்பில் ஒரு கரண்டி, ஆட்டுக்கறியில் ஒன்று, கோழிக் குழம்பில் ஒன்று. "தம்பி, பாஞ்சிரா?" "பாஞ்சிர், அண்ணே." பாஞ்சிர் என்றால் வெள்ளம். சோறு மூழ்கி, தட்டின் ஓரத்தில் செவ்வெண்ணெய் வளையமிடும்.

அந்த வளையத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொழுப்பும் மாவுச்சத்தும் ஒன்றாக அமைந்த உணவு, தாய்ப்பாலை விட்டால், இயற்கையில் அரிது. 2018இல் ஓர் ஆய்வில் தின்பண்டங்களுக்கு ஏலம் கேட்கவைத்தார்கள். கலோரி சமமாக இருந்தும், கொழுப்பும் மாவும் சேர்ந்தவற்றுக்கே அதிக விலை கேட்டார்கள். மூளையின் ஊக்கப் பகுதியும் அவற்றுக்கே கூடுதலாக இயங்கியது. இதில் நாக்குக்குக்கூட முழு அதிகாரம் இல்லை. இனிப்பை உணர முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளும் சில நாளில் சர்க்கரைத் தண்ணீரைத் தேடிப் போனதை 2008இல் காட்டினார்கள். குடலுக்குள் போனது என்ன என்பது மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே அது அதனோடு வந்த மணத்தையும் நிறத்தையும் குறித்துவைத்துக்கொள்கிறது. நரம்பியல் ஆய்வாளர் பெரிட்ஜ் காட்டியதுபோல், மூளையின் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுவைத்து மகிழ்வதற்கானதன்று. வேண்டும் என்று இழுப்பதற்கானது. பாதித் தட்டில் திகட்டியும் கை நிற்காமல் போவதன் காரணம் இதுவே.

கசகசா போட்டு மயக்குகிறார்கள் என்றொரு பேச்சு நெடுநாளாக உண்டு. விதையில் அபின் ஊறுவதில்லை. காயின் பால் பட்டு ஒட்டியிருக்கும் துளி, கழுவியும் வேகவைத்தும் பெரும்பகுதி போய்விடும். கசகசாவைக் குற்றம் சொல்வது எண்ணெயையும் சோற்றையும் தப்பவிடுவதாகும்.

4. மணியும் தூக்கமும்

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய கடை ஒன்றுக்குப் பெயரே 'பெராத்தோர்', அதாவது வரிசையில் நில். இரவுக் கூட்டத்தால் பேர்பெற்ற கடை அது. இரவில் ஏன் இந்த வேட்கை? 2013இல் பன்னிரண்டு பேரை மங்கிய ஒளியில், வெளி உலக நேரம் தெரியாமல் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். எப்போது சாப்பிட்டாலும், எப்போது தூங்கினாலும், உடலின் உட்கடிகாரப்படி காலை எட்டு மணியளவில் பசி மிகக் குறைந்தது. இரவு எட்டு மணியளவில் உச்சமடைந்தது. இனிப்பு, உப்பு, மாவு ஆகியவற்றின் நாட்டமும் அப்போதே ஏறியது.

தூக்கம் கெட்டால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்குப் பசியடக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியூட்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இது 2004ஆம் ஆண்டு முடிவு. நள்ளிரவு வரிசையில் நிற்பவர் மறுநாள் வேட்கைக்கும் சேர்த்தே விதைக்கிறார்.

5. விரதம்

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்போர் வாரக்கணக்கில் புலால் தவிர்க்கிறார்கள். முதல் சில நாள் ஆசை ஏறும், பிறகு இறங்கும். உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: குறுகிய தடை வேட்கையை வளர்க்கிறது, நெடிய தடை தணிக்கிறது. குறைபாடுதான் காரணம் என்றால் நாளாக நாளாக ஏறியல்லவா இருக்க வேண்டும்? ஆனால் மூளை ஒருமுறை கற்றது அழிவதில்லை. அதன்மேல் புதுப் பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். பழைய தெருவும் பழைய மணமும் வந்தால் மூளை பழையபடி எழுந்துகொள்ளும். தைப்பூசம் முடிந்த வாரத்திலேயே, மொட்டைத் தலையில் முடி முளைக்காத இரண்டு பேரை அந்தப் பெராத்தோர் வரிசையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாலு ஆள் தள்ளி நானும் நின்றிருந்தேன்.