ஜகார்த்தாவில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

2003-இல் நடந்த இரண்டு இறுதிப் போட்டிகளில் ஒன்றுதான் நம்ம ஊர்ப்பக்கம் ஞாபகத்தில் இருக்கிறது. மார்ச் 23, ஜோகன்னஸ்பர்க், உலகக்கோப்பை கிரிக்கெட், ஆஸ்திரேலியாவிடம் 125 ரன்னில் தோல்வி. வலங்கைமான் கடைத்தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் பாண்டிங் அடித்த 140-ஐ இன்றைக்கும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று அதே வருஷம் ஜூலை 26, ஜகார்த்தா. ஆசியான் கிளப் கால்பந்துக் கோப்பை. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அதை ஜெயித்தது. அந்த அணியில் தஞ்சாவூரைச் சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் காலியா குலோத்துங்கன். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஆனாலும் அவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சோழ ராஜாவைத்தான் நினைப்பார்கள்.

அந்தக் கோப்பை லேசுப்பட்டது இல்லை. சுபாஷ் போமிக் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவிடம் 1-0 தோல்வி. அந்த அணி அதே பருவத்தில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போயிருந்தது. அடுத்து பிலிப்பைன்ஸ் ராணுவ அணியை 6-0 என்று அடித்தார்கள். ஆறு கோலும் பாய்ச்சுங் பூட்டியா. காலிறுதியில் இந்தோனேசியாவின் பெர்சிட்டா 2-1. அரையிறுதியில் பெட்ரோகிமியா புத்ராவோடு சமன், பிறகு பெனால்டியில் வெற்றி. இறுதியில் மறுபடியும் அதே பெக் டெரோ, இந்த முறை 3-1. கோல் போட்டவர்கள் ஒகோரோ, பூட்டியா, அல்விட்டோ.

கவனியுங்கள், வரலாற்றில் நிற்பவை இந்த மூன்று பெயர்கள்தான். நடுக்களத்தில் ஆடுகிறவன் பந்தைப் பிடுங்கி, திருப்பி, சரியான காலுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த இடத்துக்கு ஓடுகிறான். தொண்ணூறு நிமிஷமும் அதே வேலை. மென்பொருள் வேலை பார்ப்பவன் என்பதால் இது எனக்குப் புரிகிறது. சர்வர் ஒழுங்காக ஓடும் வரை அதைப் பார்த்துக்கொள்பவன் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தேடுவார்கள்.

குலோத்துங்கன் என்று பேர் வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து இந்தோனேசியா போய் ஜெயித்தால், உடனே 1025-இல் ராஜேந்திரன் அனுப்பிய கடாரப் படையெடுப்பை இழுத்து ஒரு பெருமைக் கட்டுரை எழுதிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ராஜேந்திரனின் கப்பலை அனுப்பியது சோழ அரசு. குலோத்துங்கனை அனுப்பியது வங்காளத்து கிளப். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அன்றைய நிலைமை அப்படி. தேசிய கால்பந்து லீக் 1996-இல் ஆரம்பித்தது. சென்னையின் இந்தியன் வங்கி அணி அதில் சில வருஷங்கள் ஆடி, பிறகு கீழே இறங்கிவிட்டது. 2003-இல் தமிழ்நாட்டுப் பையன் கால்பந்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு மேலே போகவேண்டுமானால் கொல்கத்தா, கோவா, மும்பை என்று ரயிலேற வேண்டும். குலோத்துங்கன் ஏறினார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், மும்பை எஃப்சி, விவா கேரளா என்று அவருடைய கிளப்புகளின் பட்டியலே ஒரு இந்திய வரைபடம். அதில் விவா கேரளா பின்னாளில் கைமாறி, பேர் மாறி, காணாமல் போனது. மும்பை எஃப்சியும் 2017-இல் முடிந்தது. ஆட்டக்காரன் ஓய்வுபெறும்போது திரும்பிப் பார்க்க கிளப்பே இல்லாமல் போவது நம் கால்பந்தில் சாதாரணம்.

சந்தோஷ் டிராபியில் அவர் தமிழ்நாட்டுக்கு கேப்டனாகவும் இருந்திருக்கிறார். 1941 முதல் நடக்கும் அந்தக் கோப்பையைத் தமிழ்நாடு இதுவரை ஜெயித்ததில்லை. 2012-இல் இறுதி வரை வந்து சர்வீசஸிடம் தோற்றது. ஆனால் 1973-இல் கேரளா முதல்முறையாக அதை ஜெயித்தபோது பயிற்சியாளராக இருந்தவர் தமிழர், 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தர்ராஜ். நம் ஆட்டக்காரர்களின் கதைகளை அடுத்த ஊர்க்காரர்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

டெல்டாவில் ஆட்டம் இல்லாமலும் இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காமல் விட்ட வயல்தான் மைதானம். வரப்பு எல்லைக்கோடு, அறுத்த தாள் காலைக் குத்தும். ஆற்றில் தண்ணீர் வந்து உழவு தொடங்கினால் ஆட்டமும் முடிந்தது. வருஷத்தில் நாலைந்து மாசம்தான் மைதானம் என்றால், அங்கிருந்து ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாவது எத்தனை சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். திறமையை விட, விடாப்பிடியாக யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

2018 டிசம்பரில் தஞ்சாவூரில் நடந்த பைக் விபத்தில் குலோத்துங்கன் இறந்துபோனார். வயது நாற்பதை ஒட்டித்தான். கொல்கத்தா அவரை ஆசியான் கோப்பை வென்ற அணியின் ஆளாக நினைவுகூர்ந்தது. அடுத்த மார்ச்சில், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில், சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டிலேயே இருந்துகொண்டு இந்திய சாம்பியனாகலாம் என்பது அவர் போய் மூன்று மாசம் கழித்துத்தான் நிரூபணமானது.

தஞ்சாவூரில் வித்வான்களின் சரித்திரத்தைக் குரு, சிஷ்யர், கச்சேரி தேதி என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதே அக்கறை ஒரு கால்பந்துக்காரருக்கும் வேண்டும். முதலில் பந்தை எந்தத் திடலில் உதைத்தார், யார் சொல்லிக்கொடுத்தார், கொல்கத்தாவுக்கு முதல் டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது? அவரோடு ஆடியவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயசுதான் இருக்கும். உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். அந்தப் பக்கம் இருக்கும் வாசகர் யாராவது ஒரு நோட்டோடு கிளம்பினால் போதும்.